பக்கத்து வீட்டுப் பிள்ளை: கொழும்பில் குடும்பங்களுக்குக் கைகொடுப்பதும் சிறுவர் துன்புறுத்தலைத் தடுப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ் தோட்டங்களிலும் (நெருக்கமான வரிசைக் குடியிருப்புகள்) புதிதாகக் குடியேறிய அடுக்குமாடிகளிலும் வெள்ளவத்தை ப்ளாட்களிலும் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கோயில் சபை, அறநெறிப் பாடசாலை, மரண உதவிச் சங்கம் நடத்துபவர்களும் இதே கேள்விகளோடுதான் வருகிறார்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990, சிறுவர் முறைப்பாட்டுக்கு 1929.

அடுத்த வீட்டுக் குடும்ப விஷயத்தில் நாங்கள் ஏன் தலையிட வேண்டும்?

ஒற்றைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாத குடும்ப விஷயம் ஒன்றும் கிடையாது. எப்போது ஒதுங்குவது, எப்போது இறங்குவது என்பதில்தான் நாங்கள் பிழை விடுகிறோம். மூன்று நாள் தூங்காத தாய் குழந்தையோடு கத்தும்போது "அது அவங்க வீட்டுப் பிரச்சினை" என்று கதவைச் சாத்துகிறோம். ஒரு பிள்ளைக்குக் குற்றம் நடந்துவிட்டால் நாலு பெரியவர்கள் கூடி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். இரண்டும் தலைகீழ். முதலாவதில் அயலவர் இறங்க வேண்டும், ஒரு பிளேன்டீயோடு, அரை மணித்தியாலம் பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்வதற்கு. இரண்டாவதில் அயலவரின் வேலை உரிய இடத்துக்குச் சொல்வதோடு முடிகிறது.

பிள்ளைக்கு நடக்கும் கொடுமை குடும்ப விஷயம் அல்ல, குற்றம். 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த 308அ பிரிவின்படி, 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே தாக்கினாலோ, கொடுமைப்படுத்தினாலோ, கவனிக்காமல் விட்டாலோ, கைவிட்டாலோ 2 முதல் 10 வருடம் வரை சிறை. பெற்ற தாய் தகப்பனுக்கும் இது பொருந்தும்.

எது துன்புறுத்தல்? ஏழை வீட்டில் பிள்ளை பசியோடு இருப்பதும் புறக்கணிப்பா?

உடலைத் தாக்குவது, பாலியல் துன்புறுத்தல், மனதை நொறுக்குவது, புறக்கணிப்பு என நான்கு வகை சொல்வார்கள். முதல் இரண்டிலும் யாருக்கும் அதிகம் குழப்பம் வருவதில்லை. மனதை நொறுக்குவது என்பது ஒரு நாள் வாய் தவறி ஏசியதைக் குறிக்காது. "நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்" என்பதை வருடக்கணக்காகக் கேட்டு வளர்வது அது.

புறக்கணிப்பை வறுமையிலிருந்து பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உதவி கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அரிசி வந்ததும் பிள்ளைக்குச் சோறு போகிறதென்றால் அது வறுமை. அந்தக் குடும்பத்துக்குத் தேவை உதவி, முறைப்பாடு அல்ல. அரிசி விற்கப்பட்டுப் போத்தலாக மாறினால், மருந்து கையில் இருந்தும் கொடுக்கப்படாவிட்டால், நாலு வயதுப் பிள்ளை மண்ணெண்ணெய் அடுப்போடு அறைக்குள் பூட்டப்பட்டுக் கிடந்தால், அது புறக்கணிப்பு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த வேறுபாட்டைக் கவனமாகப் பார்க்க வேண்டிய வீடுகள் கூடிவிட்டன.

"குடும்பத்தைப் பலப்படுத்துவது" என்றால் நடைமுறையில் என்ன?

வாஷிங்டனில் உள்ள சமூகக் கொள்கை ஆய்வு மையம் ஒன்று வகுத்த அணுகுமுறை இப்போது பல நாடுகளில் பயன்படுகிறது. ஒரு வீட்டில் எது கெட்டிருக்கிறது என்று தேடாமல், எது இருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று அது கேட்கிறது. ஐந்து விஷயங்கள்: பெற்றோரின் மனத்தாங்குதிறன், ஆள் துணை, பிள்ளை வளர்ச்சி பற்றிய அறிவு, நெருக்கடி நேரத்தில் கைக்குக் கிடைக்கும் உதவி, பிள்ளைக்குத் தன் உணர்ச்சியைச் சொல்லவும் அடக்கவும் தெரிவது. இதை ஒரு தோட்டத்துக் கணக்குக்கு மாற்றினால், இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டக்கூடிய வீடு ஒன்றாவது அந்தத் தாய்க்கு இருக்கிறதா? இரண்டு வயதுப் பிள்ளை "வேண்டாம்" என்று கத்துவது வயதின் குணம், திமிர் இல்லை என்று யாராவது தகப்பனுக்குச் சொல்லியிருக்கிறார்களா? மாதக் கடைசியில் பால்மா முடிந்தால் கேட்க ஓர் இடம் உண்டா?

ஐந்தில் ஆள் துணைக்குத்தான் செலவே இல்லை. தோட்டத்து வீட்டை விட்டுப் பன்னிரண்டாம் மாடிக்குப் போன குடும்பங்கள் முதலில் இழப்பதும் அதைத்தான். கீழே முற்றத்தில் பத்துக் கண் பார்த்த பிள்ளையை மேலே ஒருவரும் பார்ப்பதில்லை. மாடிக்கொரு வட்சப் குழு தொடங்கினால் அது ஒரு வாரத்தில் தண்ணீர் மோட்டார் சண்டையாகி விடுகிறது. அதைவிட, ஒரே தளத்தில் மூன்று வீடுகள் சாவியும் போன் இலக்கமும் மாற்றிக்கொள்வது வேலை செய்யும்.

கைக்குழந்தை ஓயாமல் அழுகிறது. தாய் நிதானம் இழக்கிறாள் போல் தெரிகிறது. என்ன செய்யலாம்?

குழந்தையின் அழுகை பிறந்து இரண்டாம் வாரத்தில் கூடத் தொடங்கி, ஆறாவது எட்டாவது வாரங்களில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். ஆரோக்கியமான குழந்தையே நாளுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் அழலாம், பெரும்பாலும் பின்னேரமும் இரவும். கண்ணூறு என்றோ தாய்ப்பால் போதவில்லை என்றோ மாமியார் சொல்லத் தொடங்கும் காலமும் இதுதான்.

குழந்தையைப் பிடித்து உலுக்குவது சில விநாடி வேலை. கழுத்துத் தசை பலமில்லாததால் தலை முன்னும் பின்னும் ஆடி, மூளைக்குள்ளும் கண்ணுக்குள்ளும் இரத்தம் கசியும். உயிர் போகலாம், பார்வை போகலாம். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமலிருக்கும். ஆகவே தாய்க்கும் தகப்பனுக்கும் இப்படிச் சொல்லிக் கொடுங்கள். பசி, ஈரம், காய்ச்சல், இறுகிய உடுப்பு எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் அழுகிறது, உங்கள் கை நடுங்குகிறது என்றால் குழந்தையைப் பாயில் மல்லாக்காகக் கிடத்துங்கள். பக்கத்தில் தலையணையோ துணியோ இருக்கக் கூடாது. கதவுக்கு வெளியே போய் ஐந்து, பத்து நிமிடம் நில்லுங்கள், முகம் கழுவுங்கள், யாரையாவது கூப்பிடுங்கள். அந்தப் பத்து நிமிட அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

அயலவர் சொல்ல வேண்டிய வசனமும் சின்னதுதான்: "தங்கச்சி, பிள்ளைய தாங்க, நீங்க குளிச்சிட்டு வாங்க." புத்திமதி வேண்டாம். "எங்க காலத்துல ஆறு பிள்ளை வளர்த்தோம்" என்ற கதை அறவே வேண்டாம்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பு, சோர்ந்து கிடப்பது, வலிப்பு என்றால் இது அழுகைப் பிரச்சினை இல்லை, உடனே வைத்தியசாலை. தாய் இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுதுகொண்டும், குழந்தையைப் பார்க்கவே விருப்பமில்லாமலும் இருந்தால் பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வாக இருக்கலாம். மிட்வைஃபிடம் சொல்லுங்கள், பிரசவத்தின் பின் முதல் 10 நாளுக்குள் குறைந்தது இரண்டு தடவை அவர் வீட்டுக்கு வரவேண்டும். வராவிட்டால் உங்கள் பகுதி மாநகர சபைத் தாய் சேய் கிளினிக்கில் கேளுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. "தன்னையோ பிள்ளையையோ முடித்து விடுவேன்" என்ற பேச்சு வந்தால் நாள் எண்ண வேண்டாம், தனியே விட வேண்டாம், அன்றே வைத்தியசாலை.

கடனும் வேலையின்மையும் சண்டையாகி அடி பிள்ளையில் விழுகிறது. எங்கே கூட்டிக்கொண்டு போவது?

முதல் இடம் கிராம உத்தியோகத்தர். அவருக்கு மேலே பிரதேச செயலகம்: வடகொழும்புப் பக்கத்துக்குக் கொழும்புப் பிரதேச செயலகம், வெள்ளவத்தை, கிருலப்பனை, பொரளைப் பக்கத்துக்குத் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகம். அங்கே ஒரே கூரையின் கீழ் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உத்தியோகத்தர், அஸ்வெசும (அரச நலன்புரிக் கொடுப்பனவு) விண்ணப்பம் பார்ப்பவர் எல்லோரும் உண்டு. போகிறவர்களுக்கு இது தெரியாது. ஒரு மேசையில் "இங்கே இல்லை" என்றதும் திரும்பி வந்துவிடுகிறார்கள். இதனால்தான் கூடப் போவதற்கு ஓர் ஆள் தேவை.

போகுமுன் ஒரு கோப்பில் வையுங்கள்: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டைப் பிரதி, வீட்டு மின் அல்லது தண்ணீர்ப் பட்டியல், கிளினிக் புத்தகம், பாடசாலைக் கடிதம். அலுவல் நின்றுபோவது பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழில்தான். தொலைந்திருந்தால் பிரதி எடுக்கலாம். பதியவே இல்லை என்றால் காலங்கடந்த பதிவுக்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும்; அதற்குக் காலம் எடுக்கும் என்பதால் அதையே முதல் நாள் தொடங்குங்கள்.

நிறை குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமா உண்டு. 750 கிராம் பை, வழக்கமாக மாதத்துக்கு இரண்டு. வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுச் சாப்பிடுவதால்தான் நிறை ஏறுவதில்லை, அதையும் சொல்லிக் கொடுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் டி போல் சபை, பள்ளிவாசலில் ஸக்காத் நிதி, கோயில் அன்னதானம், மரண உதவிச் சங்கத்துச் சேமிப்பு எல்லாமே உதவிதான். ஒரு சொல் சீட்டைப் பற்றி. நெருக்கடியில் இருப்பவருக்கு முதல் சீட்டைக் கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் நுண்கடன் அடைக்கச் சீட்டு, சீட்டுக் கட்ட நகை அடகு என்று போகத் தொடங்கினால் நிறுத்துங்கள். கடன்காரர் வாசலுக்கு வரும் நாளில்தான் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அடி விழுகிறது.

தாய் குவைத்தில். பிள்ளைகள் அம்மம்மாவோடு. நாங்கள் என்ன செய்யலாம்?

போவதற்கு முன் யார் எதற்குப் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதுவது நல்லது. பாடசாலைக் கூட்டத்துக்குப் போவது யார், மருந்து எடுப்பது யார், பணத்தை வங்கியில் எடுப்பது யார், அம்மம்மா படுத்துவிட்டால் அடுத்தது யார். இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. அதன் ஒரு பிரதியை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.

தாயோடு பேசும் நேரம் நிலையாக இருக்கட்டும். குவைத், சவூதி, கட்டார் நேரம் எங்கள் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், டுபாய் ஒன்றரை. தாய்க்கு வேலை முடியும் வேளையில் சின்னது தூங்கிவிடும் என்பதால் வெள்ளிக்கிழமை பகல் ஒன்றை ஒதுக்குகிற வீடுகள் உண்டு. பிள்ளை தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுக்க வேண்டும். எல்லோரும் சுற்றி நின்று கேட்கும்போது எந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்லாது. இரவில் வந்து தங்கிப் போகும் உறவினர் யார் என்பதை அயலவர் கவனிப்பது வம்பு அல்ல.

பெற்றோர் வட்டம் ஒன்று தொடங்க வேண்டும். எப்படி?

எட்டு முதல் பன்னிரண்டு குடும்பம். அதற்கு மேல் போனால் கூட்டம் ஆகிவிடும், கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஒன்றரை மணித்தியாலம். ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு நடக்கும்போது பெற்றோர் வெளியே சும்மா காத்திருக்கிறார்கள். அதுவே பொருத்தமான நேரம். இடம் முன்பள்ளியோ கோயில் மடமோ. யாருடைய வீட்டிலும் வேண்டாம்: வீட்டுக்காரர் தலைவராகிவிடுவார், அவரோடு பேசாதவர் வரமாட்டார்.

நடத்த இருவர் தேவை. ஒருவர் பேச்சை நகர்த்த, மற்றவர் அழுது எழும்பிப் போகும் தாயோடு வெளியே போக. சின்னப் பிள்ளைகளைப் பார்க்கப் பெரியவர் இருவர் வேறாக, கண் படும் தூரத்தில். பாய், பிளேன்டீ, ஒரு பெட்டி மாரி பிஸ்கட். இதற்கு மேல் செலவு வைக்காதீர்கள். பொதி கொடுக்கத் தொடங்கினால் பொதிக்காகத்தான் வருவார்கள், பொதி நின்றதும் வட்டமும் நின்றுவிடும்.

முதல் நாள் "துன்புறுத்தல்" என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். "காலையில் பிள்ளையைப் பாடசாலைக்கு வெளிக்கிடுத்தும்போது எந்த இடத்தில் கத்துகிறீர்கள்?" என்று கேளுங்கள். சப்பாத்து என்பார் ஒருவர், பாண் என்பார் ஒருவர், போன் என்பார் ஒருவர். அதில் ஒன்றை எடுத்து அடுத்த இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம். சப்பாத்தும் காலுறையும் இரவே கதவடியில் என்பது போல. செய்து பார்த்ததை அடுத்த முறை சொல்ல வேண்டும். ஒரு தலைப்பு, ஒரு பயிற்சி என்று போனால் ஆறாவது சந்திப்பளவில் அடியைப் பற்றி அவர்களே பேசத் தொடங்குவார்கள்.

வட்டம் உடைவது இப்படி: உள்ளே சொன்னது மறுநாள் குழாயடியில் கேட்கும், யாரோ படம் எடுத்து முகநூலில் போடுவார், பேச்சாளர் வந்து ஒரு மணித்தியாலம் பிரசங்கம் செய்வார். ஆகவே போன் பைக்குள், படம் இல்லை, வருகைப் பதிவில் முழுப்பெயர் தேவையில்லை. இன்னொன்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "இங்கே சொல்வது இங்கேயே இருக்கும், ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தவிர." இதைச் சொல்லாமல் பின்னால் முறைப்பாடு செய்தால் ஏமாற்றியதாகத்தான் எடுப்பார்கள், அது நியாயமும்கூட.

தகப்பன்மார் வருவதில்லையே?

நாங்கள் அழைக்கும் விதம் அப்படி. துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் சுமை ஏற்றிவிட்டு வருபவரைப் பின்னேரம் நாலு மணிக்குப் பெண்கள் நிறைந்த பாயில் உட்கார வைக்க முடியாது. போயா நாளில், ஆட்டோ தரிப்பிடத்திலோ கிரிக்கெட் முடிந்த மைதானத்திலோ இருபது நிமிடம் போதும். ஒரு தகப்பனை இன்னொரு தகப்பன் கூப்பிட வேண்டும்.

எந்த அடையாளங்களைக் கவனிக்க வேண்டும்?

ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்கால், முழங்கை, நெற்றி, கால் முன்னெலும்பில் கண்டல் காயம் வருவது இயல்பு. சந்தேகப்பட வேண்டிய இடங்கள் வேறு: காது, கழுத்து, வயிறு, முதுகு, பின்பக்கம். நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் உடம்பிலோ காதிலோ கழுத்திலோ கண்டல் இருந்தாலும், நாலு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்த இடத்தில் இருந்தாலும், வைத்தியர் பார்க்க வேண்டும். தவழாத குழந்தை தானாக எதிலும் போய் மோதுவதில்லை. மடித்த வயராலோ பெல்ட்டாலோ அடித்தால் கொண்டை ஊசி போல வளைந்த தழும்பு விழும். தெறித்த சுடுநீர்க் காயம் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். அமிழ்த்திப் பிடித்த காயம் காலுறை போட்டதுபோல ஒரே கோட்டில் முடியும். சொல்லும் காரணம் ஆளுக்கொன்றாக இருப்பதும், வைத்தியரிடம் நாலு நாள் கழித்துப் போவதும் கவனிக்க வேண்டியவை.

பாலியல் துன்புறுத்தலில் பெரும்பாலும் உடலில் ஒன்றும் தெரியாது. வைத்தியப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்றாகாது. நடத்தையைப் பாருங்கள்: படுக்கையில் சிறுநீர் போவது நின்ற பிள்ளைக்குத் திரும்பத் தொடங்குவது, செவ்வாய்க்கிழமை டியூஷனுக்கு மட்டும் வயிற்றுவலி, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு, யார் தந்ததென்று சொல்லாத ரீலோட்டும் புதுப் போனும். தனித்தனியே இவை ஒன்றும் சாட்சியல்ல. இரண்டு மூன்று சேர்ந்தால் சொல்ல வேண்டிய நேரம். சொல்வதற்குச் சந்தேகமே போதும், நிரூபிப்பது உங்கள் வேலை அல்ல.

பிள்ளை ஒன்று என்னிடம் சொல்லிவிட்டது. இனி?

முகத்தை மாற்றாமல் கேளுங்கள். "ஐயோ கடவுளே" என்று நீங்கள் பதறினால் பிள்ளை அந்த இடத்திலேயே கதையை மாற்றும். சொல்ல வேண்டியவை இரண்டு மூன்று வசனம்தான்: "நீ சொன்னது நல்லது. உன்னில பிழை இல்ல. உதவி செய்யக்கூடிய ஆள்கிட்ட நான் சொல்லணும்." "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள்.

கேள்வி கேட்பதென்றால் "பிறகு என்ன நடந்தது?" என்பதோடு நிறுத்துங்கள். "மாமாதானே செய்தார்?" என்று பெயரை நீங்கள் வாயில் போட்டால், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். தாய், பெரியம்மா, அதிபர், கோயில் தலைவர் என்று ஆளுக்கொரு தடவை பிள்ளையைச் சொல்ல வைப்பதும் அதே கெடுதியைச் செய்யும். 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சாட்சியமாக ஏற்க முடியும். அந்த வசதி தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையில் இருக்கிறது. கேளுங்கள். பிள்ளை போனதும் அது சொன்ன சொற்களையே, அதன் வீட்டுப் பேச்சிலேயே, திகதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள்.

பாலியல் தாக்குதல் நடந்து கொஞ்ச நேரம்தான் என்றால் குளிப்பாட்ட வேண்டாம், உடுப்பைத் தோய்க்க வேண்டாம். உடுப்பைக் கடதாசிப் பையில் போடுங்கள்; சிலிசிலி (பொலித்தீன்) பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். நேரே அரச வைத்தியசாலைக்குப் போங்கள், சிறு பிள்ளை என்றால் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. பொலிஸுக்குப் போய்விட்டுத்தான் வரவேண்டும் என்றில்லை. வைத்தியசாலைப் பொலிஸ் காவலறை தகவலைப் பதிந்து, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும் ஒழுங்கு அங்கேயே நடக்கும். எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். பருவமடைந்த பிள்ளைக்கு அவசர கருத்தடை மாத்திரையும் எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு பலன். மூன்று நாள் "யோசித்துச் சொல்கிறோம்" என்று வீட்டில் வைத்திருப்பதில் இழப்பது இவைதான். நாள் கடந்திருந்தாலும் போங்கள்.

1929க்கு எடுத்தால் என்ன நடக்கும்? என் பெயர் வெளியே வருமா?

இது 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். கட்டணமில்லை, 24 மணித்தியாலமும் இயங்கும், தமிழில் பேசலாம், பெயர் சொல்லாமலும் சொல்லலாம். ஆனால் வீட்டைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு விவரம் வேண்டும். "புளூமெண்டால் பக்கம் ஒரு தோட்டம்" என்றால் யாரும் வரமுடியாது. வீட்டு இலக்கம், தோட்டப் பெயர், பக்கத்துக் கடை, பிள்ளையின் ஏறத்தாழ வயது, பாடசாலை, என்ன பார்த்தீர்கள், எப்போது, இப்போது பிள்ளை யாரோடு என்பவற்றை எழுதி வைத்துக்கொண்டு எடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். அது பிரதேச உத்தியோகத்தருக்கோ பொலிஸுக்கோ நன்னடத்தை உத்தியோகத்தருக்கோ போகும். அசைவில்லை என்றால் அதே இலக்கத்தைச் சொல்லித் திரும்ப எடுங்கள். தொடர்ந்து கேட்பவருடைய கோப்புத்தான் மேலே வருகிறது, வருத்தமான உண்மை.

சொன்னால் பிள்ளையை இல்லத்தில் போட்டுவிடுவார்கள் அல்லவா?

இந்தப் பயத்தால்தான் பாதி முறைப்பாடுகள் வருவதில்லை. பிள்ளையை வீட்டிலிருந்து எடுப்பதற்கு நீதவானின் கட்டளை வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையைப் பார்த்துத்தான் அது தீர்மானமாகும். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பொருத்தமான ஓர் ஆளிடம் பிள்ளையை ஒப்படைக்கவும் இடம் தருகிறது. ஆகவே பெரியம்மாவோ அம்மம்மாவோ பொறுப்பெடுக்கத் தயார் என்றால் முதல் தவணையிலேயே அடையாள அட்டையோடு நீதிமன்றத்துக்குப் போய் நன்னடத்தை உத்தியோகத்தரைச் சந்திக்கட்டும். உறவினர் யாரும் முன்வராத வழக்கில்தான் இல்லம் எளிய வழியாகிவிடுகிறது.

செய்தவர் சொந்தக்காரர். பெரியவர்கள் பேசித் தீர்க்கக் கூடாதா?

கூடாது. காலில் விழவைத்து மன்னிப்புக் கேட்டவர் அடுத்த தைப்பொங்கலுக்கும் அதே வீட்டுக்கு வருவார். பிள்ளை அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் செய்தவனுக்கே கட்டி வைப்பது என்ற பேச்சு வந்தால் அந்தக் கூட்டத்தை விட்டு எழும்பி 1929ஐ அழையுங்கள்.

தகப்பன் குடித்துவிட்டுத் தாயையும் பிள்ளைகளையும் அடிக்கிறார். குடு, ஐஸ் போதைப் பழக்கமும் உண்டு.

அந்த நேரத்தில் 119. பிறகு, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இது சிறைக்கு அனுப்பும் வழக்கு அல்ல, ஆளைத் தள்ளி வைக்கும் கட்டளை. அவசரமென்றால் இடைக்காலக் கட்டளை கிடைக்கும். விசாரணை 14 நாளுக்குள் வைக்கப்பட வேண்டும். முழுக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். பிள்ளைக்காகப் பெற்றோரோ, பிள்ளை யாரோடு இருக்கிறதோ அவரோ விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்குப் பணமில்லை என்றால் புதுக்கடையில் மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு ஆளானோருக்கு உதவும் நட்பு நிலையத்தில் காயத்தைக் காட்டிப் பதிந்துகொள்வது பின்னால் சாட்சியாக உதவும். பெண்கள் உதவி இலக்கம் 1938, போதைப்பொருள் ஆலோசனைக்கு 1927.

பக்கத்து வீட்டார் ஒரு பையை வைத்துக்கொடுத்தால் பெரிய உதவி: பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள், ஒரு சோடி உடுப்பு, கொஞ்சக் காசு, மருந்து. தாய் ஓடிவரும் இரவில் அதைத் தேட நேரம் இருக்காது.

டியூஷன், பாடசாலை வேன், அறநெறி வகுப்பு – எங்கே என்ன விதி வைக்கலாம்?

டியூஷன் என்றால் கதவு திறந்தபடி, அல்லது வெளியிலிருந்து உள்ளே தெரிய வேண்டும். தனி ஒரு பிள்ளைக்கு "விசேட வகுப்பு" பூட்டிய அறையில் இல்லை. வேனில் கவனிக்க வேண்டியது கடைசியாக இறங்கும் பிள்ளை. சாரதியோடு அது தனியாக எத்தனை நிமிடம்? பாதையை மாற்றி இருவர் சேர்ந்து இறங்கும்படி செய்ய முடியும், கேட்டால் பெரும்பாலானோர் செய்வார்கள். முன் ஆசனத்தில் மடியில் வைத்துப் போவது வேண்டாம். அறநெறி வகுப்பிலும் விளையாட்டுக் கழகத்திலும் பெரியவர் இருவர் இல்லாமல் வகுப்பு இல்லை, பிள்ளைக்குத் தனியாக வட்சப் அனுப்புவது இல்லை என்று இரண்டே விதியை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நல்ல ஆசிரியர் இதில் கோபிக்கமாட்டார்.

பிள்ளையின் படம் போனில் சுற்றுகிறது. ஆதாரத்துக்காகச் சேமித்து அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். பிள்ளையின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதே தண்டனைச் சட்டக்கோவை 286அ பிரிவின் கீழ் குற்றம். "எச்சரிக்கை" என்று குழுவில் பகிர்பவரும் அதற்குள் வருவார். கணக்கின் பெயர், இணைப்பு, இலக்கம், திகதியை எழுதிக்கொண்டு, மிரட்டல் செய்தி இருக்கும் போனை அழிக்காமல் அப்படியே பொலிஸிடம் கொடுங்கள். பணம் கேட்டு மிரட்டினால் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். கொடுத்தவரிடம்தான் திரும்பக் கேட்பார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரை, பாடசாலையை முகநூலில் எழுதுவதும் பிழை. 365இ பிரிவு அதைத் தடுக்கிறது.

பாடசாலையில் அடிக்கிறார்கள்.

கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடுக்கிறது. காயத்தை அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். அதிபருக்கு எழுத்தில் கொடுத்துப் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள், அடுத்து வலயக் கல்விப் பணிமனை, பலனில்லை என்றால் 1929. வாய்ப்பேச்சில் முடித்துவிட்டு வந்தால் மறுநாள் பிள்ளையைத்தான் வகுப்பில் குத்திக்காட்டுவார்கள்.

பொலிஸில் சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் வைக்கச் சொல்கிறார்கள். முறைப்பாட்டை எடுக்கவும் தயங்குகிறார்கள்.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி கொழும்பிலும் அரச அலுவலர்களோடு தமிழில் அலுவல் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் தமிழ் தெரிந்தவரைக் கேளுங்கள். இல்லாவிட்டால் வீட்டிலேயே தமிழில் எழுதிய கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். சிங்களத்தில் எழுதியதை ஒருவர் வாசித்து விளக்கும் வரை கையொப்பம் வேண்டாம். வாசித்துக் காட்டும்போது மூன்றை மட்டும் சரிபாருங்கள்: திகதி, செய்தவரின் பெயர், பிள்ளையின் வயது. இந்த மூன்றில்தான் அதிகம் பிழை வருகிறது.

எடுக்கவே மறுத்தால் பொறுப்பதிகாரியைக் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் நிலையத்து வாசலிலேயே நின்று 1929க்கு எடுத்து, எந்த நிலையம், எத்தனை மணி, யாரோடு பேசினீர்கள் என்று சொல்லுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. முறைப்பாடு பதிந்ததும் புத்தகத்தின் பெயர், பக்கம், பந்தி இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். "போன மாதம் வந்து சொன்னோம்" என்று போய் நின்றால் யாரும் தேடி எடுக்கமாட்டார்கள், பக்கமும் பந்தியும் சொன்னால் புத்தகம் மேசைக்கு வரும்.